வாசமில்லாத தட்டு

மகளின் தலையணையில் வேறு யாரோ படுத்து எழுந்த வாசனை அடித்தது.

உறையைக் கழற்றித் துவைக்கப் போடத்தான் அவள் அதை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஜன்னல் வழியாக நல்ல வெயில், கூடத்தில் டிவி சத்தம், அடுப்பில் பால். பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லாத நேரம். எப்போதும் அந்தத் தலையணையில் ஷாம்பு இருக்கும், கொஞ்சம் வியர்வை இருக்கும், தூக்கத்தில் வழிந்த எச்சில் காய்ந்த வாடை இருக்கும், இதற்கெல்லாம் அடியில் பெயர் சொல்ல முடியாத ஒரு வெதுவெதுப்பு இருக்கும். பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது உச்சந்தலையிலிருந்து வந்த அதே வெதுவெதுப்பு. பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் அது போகவே இல்லை. இன்று அது இல்லை. அந்த இடத்தில், மழையில் நனைந்து மூலையில் கிடந்து புழுங்கிப்போன சாக்கின் நாற்றம்.

"ஏங்க, வாண்டு ரூம்ல யாராவது வந்து படுத்தாங்களா?"

கணவன் கூடத்து மேஜையில் ஒரு கட்டட வரைபடத்தின் மேல் கவிழ்ந்திருந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, சோறு போடுவது எல்லாம் அவன் தலையில்தான். அதைச் சொல்லிக்காட்டாமல் அவனுக்கு ஒரு பொழுது போகாது.

"யாரு வரப் போறா? வந்தா உன் மாடுங்கதான் வரணும். நீதான் அதுங்க கூடவே குடித்தனம் நடத்துறே."

"மோந்துதான் பாருங்களேன்."

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தலையணையை வாங்கி மோந்து பார்த்தான். "தலையணை வாசனைதான் வருது. காலங்காத்தால ஆரம்பிக்காத."

வேறு யாராவது என்றால் நம்பியிருப்பார்கள். அவளுடைய மூக்கு அப்படிப்பட்ட மூக்கு இல்லை. கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'மோப்பம்' என்றே பெயர். வளர்ப்புத் தட்டின் மூடியை விரல் அளவு தூக்கினால் போதும், உள்ளே வளர்ந்திருக்கும் கிருமி எது என்று மெஷின் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். திராட்சை வாடை அடித்தால் ஒன்று, ஈர மண் வாடை என்றால் இன்னொன்று, கருகின சாக்லேட் என்றால் மற்றொன்று. தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுக்கிறவரே மோந்து பார்த்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுப்பார். கிருமி வளர்க்கிற எந்தக் கூடத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தத் திருட்டுப் பழக்கம் இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"அம்மா" என்று மகள் பின்னாலிருந்து ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "இன்னிக்கு லீவுதானே, எங்கயும் போக மாட்டியே?"

நாற்றம் குப்பென்று மேலே வந்தது. தலையணையில் அடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அவள் யோசிக்கவில்லை. கை தானாகப் போய், உள்ளங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்துத் தள்ளியது. மகள் பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் கணவன்.

"கை வழுக்கிடுச்சு."

கை வழுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளைப் பயமுறுத்தியது வேறு. தள்ளியபோது அவளுக்குக் கோபம் இல்லை, எரிச்சல்கூட இல்லை. சோற்றில் கிடக்கிற முடியை எடுத்துப் போடும்போது யாராவது கோபப்படுவார்களா? அப்படித்தான் தள்ளினாள்.

அன்றைக்கு மகளைத் திரும்பத் திரும்பக் குளிப்பாட்டினாள். சோப்பு, ஷாம்பு, மறுபடி சோப்பு. காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரல் இடுக்கில் தேய்த்தாள். நாற்றம் சோப்பு நுரைக்கு அடியிலிருந்து வந்தது, தோலுக்கு அடியிலிருந்து வந்தது. "வலிக்குதும்மா" என்று பிள்ளை முனகியது காதில் விழுந்தும் கை நிற்கவில்லை. கணவன் வந்து நாரைப் பிடுங்கி எறிந்தபோதுதான் அந்தச் சின்ன முதுகு முழுக்கச் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பிள்ளைக்குத் துண்டைச் சுற்றினாள். கண்ணால் பார்க்கும்போது அது அவளுடைய மகள்தான். சந்தேகமே இல்லை. மூக்குதான் ஒத்துக்கொள்ளவில்லை.

கண்ணை மூடினால் பண்ணை வந்தது.

போன மாதம் அவள் போன பால் பண்ணை அது. தகரக் கொட்டகை, நீளமான தண்ணீர்த் தொட்டி, ஆணியில் தொங்கும் பால் கறக்கும் குழாய்கள். எல்லாம் சுத்தமாக இருந்தன. மாடுகளும் கொழுகொழுவென்று, கண்ணில் நல்ல ஈரத்தோடு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. கன்றுகள்தான் ஒன்றுகூட இல்லை. பண்ணைக்காரம்மா தன் சின்னப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொட்டி ஓரமாக நின்று சொன்னாள்:

"முதல்ல எல்லாத்துக்கும் மூக்கு ஒழுகுச்சு டாக்டரம்மா. சளின்னு விட்டுட்டோம். அது நின்னுச்சு. நின்ன பிறகுதான் பால் குடிக்க வந்த கன்னை ஒண்ணு உதைச்சுது. மடி வலி போலன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா எல்லா மாடும் ஒண்ணா சேர்ந்துகிட்டு கன்னுங்கள சுவத்தோட வச்சு அழுத்திடுச்சுங்க. கத்தல, சீறல. அழுத்தி முடிச்சுட்டு தண்ணி குடிக்கப் போயிடுச்சு. பெத்த கன்னு அது. நாய் நரி வந்தாக்கூட அதுங்க இப்படிச் செய்யாது."

அவள் எல்லா மாட்டின் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து எடுத்துவந்தாள். இரத்தம் கலந்த தட்டுகளில் தேய்த்து வெதுவெதுப்பான அலமாரியில் வைத்தாள். சாம்பல் நிறத்தில், கடுகில் பாதிகூட இல்லாத புள்ளிகள் வளர்ந்தன. மெஷினில் வைத்தால், எனக்குத் தெரிந்தவர் இல்லை என்று கையை விரித்துவிட்டது. மரபணுவைப் படித்துப் பார்த்தால், இதுவரை பெயர் வைத்த கிருமிகளில் இதற்கு அண்ணன் தம்பி கிடையாது, பங்காளி கிடையாது, ஏழு தலைமுறைக்கு அப்பால் ஒரு தூரத்துச் சொந்தம் மட்டும் உண்டு. வகைப்படுத்துவது என்றால் என்ன, ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெருத்தெருவாக விசாரிப்பதுதான். இது எந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை. புது இனம். அவளுடைய வேலையில் ஒரு ஆயுசுக்கு ஒரு தடவை கிடைத்தால் பெரிது. துறைத்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் சரி, மூடியைத் தூக்கி மோந்தபோது அந்தத் தட்டில் வாசனையே இல்லை.

கிருமியின் வாசனை மட்டும் இல்லையென்றால் பரவாயில்லை. தட்டுக்கே ஒரு வாசனை உண்டு, இரத்தமும் கஞ்சியும் கலந்தது போல, காலியாக இருந்தாலும் அடிக்கும். அதுவும் இல்லை. யாரோ துடைத்து எடுத்துவிட்ட மாதிரி. அவள் தட்டைக் கிட்டே கொண்டுவந்தாள். இன்னும் கிட்டே. மூக்கு நுனி புள்ளிகளைத் தொடுகிற அளவுக்குக் கிட்டே. நெஞ்சு நிறைய இழுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு மூக்கு ஒழுகியது. சளி என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, ஒரு பஞ்சுக் குச்சியைத் தன் மூக்கிலேயே விட்டுச் சுழற்றினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டில் தேய்த்து உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டு வாசலிலேயே நாற்றம் நின்றுகொண்டிருந்தது. செருப்பில் அடித்தது, சோபாவில் அடித்தது, தண்ணீர் பாட்டிலில் அடித்தது. மகள் வரைந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்திலும் அடித்தது. அவள் அந்தப் படத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டதை, போட்ட பிறகுதான் கவனித்தாள்.

மகளுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். வழக்கமாக மடியில் வந்து விழுகிற பிள்ளை, சுவரை ஒட்டி ஒட்டி நடந்தது. "அம்மா, நான் தப்பு பண்ணேனா?" என்று தூரத்திலிருந்தே கேட்டது.

"இல்ல கண்ணு. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

"கிட்ட வரட்டுமா?"

"வேணாம்."

அந்த 'வேணாம்' வாயிலிருந்து வந்த வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. கணவன் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தான். வேலைக்காரியைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். கொஞ்ச காலமாகவே அவர்களுக்குள் அப்படித்தான். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு ஓரம். பிள்ளை மட்டும் இல்லையென்றால் இரண்டு பேரும் என்றோ தனித்தனி வீட்டில் இருந்திருப்பார்கள்.

புதன்கிழமை தட்டை எடுத்தாள். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சாம்பல் நிறப் புள்ளிகள், தட்டு முழுக்க, இடமே இல்லாமல்.

நாற்காலியில் உட்கார்ந்து பண்ணைக்காரம்மாவுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க டாக்டரம்மா. நல்லா இருக்கீங்களா?" குரல் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"உங்களுக்கு ஏதாவது சளி, மூக்கு ஒழுகறது..."

"இருந்துச்சு. இப்ப இல்ல. இப்பதான் மூக்கே திறந்த மாதிரி இருக்கு."

"பையன் எப்படி இருக்கான்?"

பின்னால் பால் கறக்கிற மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எந்தப் பையன்?" என்றாள் பண்ணைக்காரம்மா. "ஓ, அதுவா. என்னுதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இப்ப இல்லம்மா. வீடு சுத்தமா இருக்கு. நிம்மதியா மூச்சு விட முடியுது."

தட்டோடு எழுந்து துறைத்தலைவர் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டவில்லை. அவர் யாருக்கோ சிரித்துச் சிரித்து மெயில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கிருமியை வெளிய அனுப்பாதீங்க."

"காலையிலயே கூரியர் போயாச்சேம்மா." உயிரோடு இருக்கிற கிருமியை இரண்டு நாட்டுக் கிருமிக் காப்பகங்களில் ஒப்படைத்தால்தான் புது இனம் என்று உலகம் ஒத்துக்கொள்ளும். அது அவர்கள் தொழிலின் விதி. "ரெண்டு இடத்துக்கும் அனுப்பிட்டேன். ஏன், அதுக்கு நான் வச்ச பேரு பிடிக்கலையா?"

"என் மூக்குல அதுதான் வளருது சார். பண்ணைக்காரம்மா மூக்குலயும். அவங்க பையன்..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் பயம் வரும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. தீபம் ஏற்றின மாதிரி ஒரு வெளிச்சம்தான் வந்தது. "மனுஷன்லேருந்து எடுத்தியா? நீயே எடுத்தியா? அடடா. மாட்டுல மட்டும் கிடைச்சுதுன்னா நூறு கேள்வி கேட்பாங்க. மனுஷன்லயும் இருக்குன்னா வாயைப் பொத்திப்பாங்க. எங்க அந்தத் தட்டு, கொண்டா."

அவள் கையிலேயே இருந்தது. அவர் வாங்கி மூடியைத் தூக்கினார்.

"சார், வேணாம்."

"வாசனையே இல்லையே," என்றார் அவர், மூக்கை இன்னும் உள்ளே கொண்டுபோனபடி.

எங்கோ இரண்டு ஊர்களில், வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ இரண்டு பேர் அந்தப் பார்சலைப் பிரிப்பார்கள். வளர்ப்பார்கள். மூடியைத் தூக்குவார்கள். வாசனையே இல்லையே என்பார்கள். ஆனால் உலகத்தைப் பற்றிக் கவலைப்பட அவளிடம் நேரம் இல்லை. வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது.

முன்பே தட்டில் மருந்து தோய்ந்த வில்லைகள் வைத்துச் சோதித்ததில் ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் கிருமி மடங்கியிருந்தது. மனிதர்களுக்கு அபூர்வமாகக் கொடுக்கிற மருந்து. ஆஸ்பத்திரியில் கேட்டாள். நாளைக்கு வரும் என்றார்கள். இன்றைக்கு ஒரு பொழுதைத் தாண்டினால் போதும். வரும் வழியிலேயே கணவனின் அக்காவுக்குப் போன் போட்டாள். "அண்ணி, எதுவும் கேட்காதீங்க. மூக்கையும் வாயையும் மூடிகிட்டு வாங்க. வந்து வாண்டைக் கூட்டிட்டுப் போங்க. உடனே வாங்க."

"சண்டையா?" என்றாள் அண்ணி.

"சண்டைன்னே வச்சுக்கங்க."

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் தும்மிக்கொண்டிருந்தான். மேஜை முழுக்கக் காகிதக் கைக்குட்டைகள். மூக்கு சிவந்து, கண் கலங்கி, குரல் அடைத்து.

ஒரே கட்டில். ஒரே தலையணை. மோந்து பாருங்க என்று அவள்தான் கொடுத்தாள்.

"எப்பலேருந்து?"

"நேத்து மத்தியானம் ஆரம்பிச்சுது. ஏன், அதுக்கும் நான்தான் காரணமா?"

அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மாடுகள், கன்றுகள், பண்ணைக்காரம்மா, அந்தப் பையன். அவன் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான்.

"நீ பெத்த பிள்ளை. உனக்கே அடையாளம் தெரியலைன்னு சொல்றியா?"

"கண்ணுக்குத் தெரியுது. மூக்குக்குத் தெரியல. நான் அவளை ஏதாவது பண்ணிடுவேங்க. சத்தியமா சொல்றேன், கோவமே இல்லாம பண்ணிடுவேன்."

அவன் எழுந்து பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். அது சரிதான் என்று அவள் நினைத்தாள். அவன் அவளை வெறுப்பதும் சரிதான்.

"உங்க மூக்கு அடைச்சிருக்கு. அடைச்சிருக்கிற வரைக்கும் வாண்டுக்குப் பயமில்ல. அதுக்குள்ள அண்ணி வந்துடுவாங்க. பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கு, வேற வழியில்ல. என்னைப் படுக்கையறையில வச்சுப் பூட்டுங்க. நான் கெஞ்சினாலும் திறக்காதீங்க."

"கெஞ்சினா திறந்துடப் போறேனாக்கும்," என்றான்.

வெளியே சாவி திரும்பியது. அவள் இரண்டு பஞ்சு உருண்டைகளை யூகலிப்டஸ் தைலத்தில் முக்கி மூக்கில் அடைத்துக்கொண்டு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பி வழியாகச் சாயங்கால வெளிச்சம் ஆரஞ்சாக வந்து எதிர்ச் சுவரில் விழுந்தது. தைலம் கண்ணை எரித்தது. வாயால் விட்ட மூச்சில் நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் இரண்டு நிழல்கள் வந்தன, போயின. ஒன்று பெரியது. ஒன்று சிறியது.

கேட்க முடிந்ததையெல்லாம் கேட்டாள். டிவியில் ஏதோ பொம்மைப் படம். தட்டில் கரண்டி உரசுகிற ஓசை. "இன்னும் ரெண்டு வாய்" என்று கணவனின் அடைத்த குரல். மகள் எதற்கோ கிளுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவள் நெஞ்சு விம்மியது. காதுக்குப் பிள்ளையைத் தெரிந்தது. காது அவளுடைய பக்கம்தான். அவள் கதவில் காதை ஒட்டவைத்து, பால் குடிக்கிற மாதிரி அந்தச் சிரிப்பைக் குடித்தாள்.

கணவன் தும்மினான். மறுபடி தும்மினான். குழாயைத் திறந்து முகம் கழுவினான். மூக்கைச் சிந்தினான், பலமாக, விடாமல், ஏதோ ஒன்றை உள்ளேயிருந்து வேரோடு பிடுங்குகிறவன் போல.

தண்ணீர் நின்றது.

பிறகு ஒரு மூச்சு. நீளமாக. தடையே இல்லாமல். மூக்கு வழியாக.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

டிவி அணைந்தது.

"அப்பா, ஏன்ப்பா நிறுத்திட்ட?" மகளின் குரல்.

இன்னொரு மூச்சு. சின்னச் சின்னதாக இழுத்து இழுத்து, எதையோ தேடுகிற மூச்சு. காலடிகள். ஒரு நாற்காலி மெதுவாக நகர்ந்தது. கவிழவில்லை. யாரோ பொறுமையாக எடுத்து ஓரமாக வைத்தார்கள்.

"அப்பா?"

"நீ எப்படி உள்ள வந்தே?" என்றான் கணவன். அடைப்பு விட்ட, தெளிவான குரல்.

"நான்தான்ப்பா."

"யாரு விட்டா உன்னை?"

"நான்தான்ப்பா, வாண்டு."

அவள் போனை எடுத்தாள். எண் தவறியது. மறுபடி அழுத்தினாள். "அண்ணி, எங்க இருக்கீங்க?"

"தெரு முனையில திரும்பிட்டேன். என்னடி, குரல் ஏன் இப்படி..."

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "திறங்க. கதவைத் திறங்க."

காலடிகள் நின்றன. திரும்பின. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். பெரிய நிழல். "கெஞ்சினாலும் திறக்காதேன்னு நீதானே சொன்னே?" என்றான். குத்தல் இல்லை. எத்தனையோ மாதமாக அவன் அவளிடம் பேசாத ஒரு குரல். சிநேகமான குரல். "ஏய், நீ சொன்ன நாத்தம் இதுதானா?"

அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவனைப் போலவே பேசினாள். "ஆமா. இதுதான். எவ்வளவு நாளா சொல்றேன். திறங்க, நான் அதை வெளிய தள்ளிடறேன்."

"தனியா முடியுமா?"

"முடியும். திறங்க."

சாவி திரும்பியது.

பிள்ளை அவன் காலுக்கு இடையில் புகுந்து ஓடி வந்தது. அவள் வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை இடித்துத் தள்ளிவிட்டு நடையில் ஓடினாள். பிள்ளையின் இதயம் அவள் விலா எலும்பில் அடித்துக்கொண்டது. தைலம் எரிந்தது. தைலம் மட்டும்தான் தெரிந்தது. நன்றி, நன்றி, நன்றி. வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம். செருப்புச் சத்தம். பின்னால் அவன் வருகிறான். ஓடவில்லை. நடந்துதான் வருகிறான்.

வாசல் மணி அடித்தது.

"அத்தை வந்துட்டாங்கடி. அத்தை வந்துட்டாங்க. அழாத." அவள் கை தாழ்ப்பாளைப் பிடித்துவிட்டது. இறுகிக் கிடந்தது. ஒரு கையால் ஆட்டினாள்.

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். அம்மா தூக்கிவிட்டாள், இனி பயமில்லை. ஒரு சின்ன விரல் அவள் மூக்கைத் தொட்டது.

"இது என்னம்மா பஞ்சு? வலிக்குதா?"

மகள் பஞ்சைப் பிடுங்கினாள். ஒன்று. இன்னொன்று.

தாழ்ப்பாள் நகர்ந்துகொண்டிருந்தது. நின்றது.

அவள் ஒரு மூச்சு இழுத்தாள்.

அப்புறம் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். இடுப்பில் இருந்ததைக் கீழே இறக்கினாள். கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில், சுவர் மூலையில். போகிற வழி இல்லாத இடம். பார்த்துத்தான் இறக்கினாள்.

அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தோள் அவள் தோளில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அவன் கழுத்திலிருந்து, சட்டையிலிருந்து, நல்ல வாசனை வந்தது. இவ்வளவு நாள் எப்படி இதைத் தெரியாமல் இருந்தாள்? அவள் இன்னும் ஒட்டி நின்றாள். அவனும் நின்றான்.

மணி மறுபடி அடித்தது. யாரோ கதவைத் தட்டி அவர்கள் இருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அக்காவா இருக்கும்," என்றான் அவன்.

"இருக்கட்டும். முடிச்சுட்டுத் திறக்கலாம்."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அடி முன்னால் வைத்தார்கள். மூலையில் இருந்தது நிமிர்ந்து அவர்களைப் பார்த்தது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கால் கட்டை விரலில் எம்பி, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் அவர்களை நோக்கி நீட்டியது.